வேகறதுக்கு முன்னாடியே போனது

அத்தை,

இன்று காலை சாமிக்குக் கற்பூரம் காட்டிவிட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது பெயிண்ட் கரைக்கிற தின்னர் வாசம் அடித்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தேன், போகவில்லை. "சாமி மூக்கைப் பொத்திக்கப் போவுது" என்று உங்கள் மகன் சிரிக்கிறார். பொத்திக்கொள்ளட்டும். இந்த வாசம் எங்கிருந்து வந்ததென்று தெரிந்தால் முதலில் பதறுவது நீங்கள்தான். கொட்டகையில் கிடந்த சந்தனக் கலர் அம்பாசிடரை நான் தொட்டுவிட்டேன். தொட்டதோடு நிற்கவில்லை, தோலை உரித்தே பார்த்துவிட்டேன்.

உங்களுக்குச் சொல்லாமல் நான் எதுவும் செய்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மருமகளாக வந்தபோதே அந்த வண்டி தார்ப்பாய் மூடிக் கிடந்தது. நம்முடைய பீங்கான் யூனிட்டிலிருந்து பறக்கும் வெள்ளை மண் அதன்மேல் மாவு சலித்தாற்போலப் படிந்திருக்கும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே அதன் நசுங்கிய முகம். "எடைக்குப் போட்டா இடமாவது கிடைக்குமே அத்தை" என்று வந்த புதிதில் சொன்னேன். நீங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பருப்பைக் கடைந்தீர்கள். விஷயத்தை உங்கள் மகன்தான் பிறகு சொன்னார். மாமா அந்த வண்டியில் போய்த்தான் வேப்பூர் ரோட்டில் இறந்தார். அதை லாரியில் கட்டி இழுத்துவந்து அங்கே நிறுத்தச் சொன்னது உங்கள் மாமியார். "இருக்கட்டும். அடுப்படியில நிக்கும்போதெல்லாம் இவ பாக்கட்டும்" என்றாராம்.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் ஒருமுறைகூட முழுதாகச் சொன்னதில்லை. துண்டு துண்டாகக் கேட்டு நான்தான் ஒட்டிக்கொண்டேன். மாமா குளித்து, திருநீறு இட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். உலை கொதித்துக்கொண்டிருந்தது. நீங்கள் கையில் அரிசி ஆழாக்கோடு வாசலுக்கு ஓடிவந்து, "எங்க போறீங்க? மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடுவீங்களா?" என்று கேட்டீர்கள். கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததா? உலை கொதிக்கிற அவசரத்தில் வாயில் வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் உங்கள் மாமியார். இன்னொருவர் சின்ன மாமா, மாமாவின் தம்பி. பாண்டிச்சேரியில் பார்த்துப் பேசி அந்த வண்டியை அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

சோறு வடிப்பதற்குள் செய்தி வந்துவிட்டது. இடது முன்சக்கரம் உள்ளே மடங்கி, வண்டி பள்ளத்தில் இறங்கியிருந்தது. "போறவன வாய வச்சு நிறுத்துனா" என்ற பேச்சு முதலில் கிளம்பியது சின்ன மாமாவின் வாயிலிருந்து.

அதற்குப் பிறகு நீங்கள் யாரையும் எங்கே என்று கேட்டதில்லை. யாராவது செருப்பைத் தேடினாலே சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வீர்கள். உங்கள் பேரன் பள்ளிக்கூடம் கிளம்பும்போதும் அப்படித்தான். அந்தப் பிள்ளை கதவிடுக்கில் கையை விட்டு உங்கள் சேலையை ஆட்டிவிட்டுப் போகும். யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று தெரியாததால் தினமும் எல்லோருக்கும் சேர்த்தே வடிப்பீர்கள். நான் வீட்டுக் கணக்கு எழுதத் தொடங்கியபோது எல்லாம் நேராக வந்தது, அரிசி மட்டும் இடித்தது.

"தெனமும் மிஞ்சுதே அத்தை. அவரு இன்னிக்கு கடலூரு போறாருன்னு தெரியாதா உங்களுக்கு?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றீர்கள். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடினீர்கள். பெற்ற பிள்ளை எங்கே போகிறான் என்று தெரியாமல் ஒரு தாய் சோறு வடிக்கிற வீட்டில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

மத்தியானங்களில் யூனிட்டில் உட்கார்ந்து சரக்குப் பிரிப்போமே, அப்போதுதான் நீங்கள் நீங்களாக இருப்பீர்கள். ஃபியூஸ் போடும் பீங்கான் கட்டைகள் கூடை கூடையாக வரும். ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தட்டி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பீர்கள். விரிசல் இருந்தால் யார் தப்பு என்று அந்த நிமிஷமே சொல்லிவிடுவீர்கள். கீறல் வெள்ளையாக, கூராக இருந்தால் சூளையிலிருந்து வெளியே வந்தபின் யாரோ கீழே போட்டது. கீறலுக்குள்ளே கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு இறங்கி, கண்ணாடி மாதிரி உறைந்திருந்தால், அது சூளைக்குள் போகும்போதே பிளந்திருந்தது. சூளைக்காரரைத் திட்ட வந்தவர்களிடம் நீங்கள் கட்டையை நீட்டிக் காட்டுவீர்கள். "அவர ஏன் பேசுறீங்க? இது வேகறதுக்கு முன்னாடியே போனது." அந்தச் சூளைக்காரர் உங்களைக் கும்பிட்டுவிட்டுப் போவார். ஊரில் எல்லாருடைய விரிசலுக்கும் நீதி சொன்னீர்கள்.

உங்களுக்கு மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. கொளஞ்சியப்பர் கோயிலுக்கு ஒரு கிருத்திகைக்குப் போனோம், நினைவிருக்கிறதா? முனியப்பர் சன்னிதியில் ஆட்கள் வரிசையில் நின்று பிராது எழுதிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நிலத்தைப் பிடுங்கியவன் மேல், நகையை எடுத்தவள் மேல், ஏமாற்றிய மாப்பிள்ளை மேல். நான் உங்கள் காதோடு சொன்னேன்.

"நீங்களும் ஒண்ணு எழுதிக் கட்டுங்க அத்தை. உங்க மேல பழி போட்டவங்க மேல."

நீங்கள் வேலில் தொங்கிய காகிதங்களையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "எதிராளி பேருன்னு கேப்பாங்களே. என் பேரையா எழுதறது?" என்றீர்கள்.

அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் சொன்னதை நீங்களும் நம்பியிருந்தீர்கள்.

போன தை மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். பேரன் கல்யாணத்தைப் பார்க்கவில்லை. மருமகள் திட்டக்குடிப் பெண். கொஞ்சம் வாய்த்துடுக்கு, எனக்குப் பிடித்ததே அதுதான். என்னை அவள் "அத்தை" என்று கூப்பிட்டபோது முதல் நாள் நான் திரும்பி உங்களைத் தேடினேன்.

ஒரு காலையில் நம் பையன் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். இவள் வாசலுக்கு வந்து, "எங்க போறீங்க? டிபன் கட்டவா, வந்து சாப்பிடுவீங்களா?" என்று கேட்டாள். கூடத்து நாற்காலியில் சின்ன மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் மெல்ல மடிக்கு இறங்கியது.

"இந்த வூட்டுல அந்தக் கேள்வி வேணாம்மா. ஏற்கெனவே ஒருத்தி கேட்டு ஒரு உசுரு போச்சு. போதும்."

அவள் முகம் சுண்டிப்போனது. மறுநாள் பையன் கிளம்பும்போது அவளைக் காணவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். உங்கள் தோள் உரசி உரசிப் பெயிண்ட் தேய்ந்த இடம் ஒன்று இருக்கிறதே, சரியாக அங்கே.

அத்தை, எனக்கு வந்தது அழுகையல்ல. விளக்கேற்றிவிட்டு நேராகக் கொட்டகைச் சாவியை எடுத்தேன்.

"அந்த வண்டிய சரி பண்ணப் போறேன்" என்று உங்கள் மகனிடம் சொன்னேன்.

"உனக்கென்ன பைத்தியமா?"

"பைத்தியம்தான். அது அதே ரோட்டுல போயிட்டுத் திரும்பி வரணும். எங்கன்னு கேட்டுத்தான் அனுப்பணும்."

"காசு?"

"சீட்டு எடுத்தது இருக்குது. உங்க காச நான் கேட்டேனா?"

 அன்று சாயங்காலம் தார்ப்பாயை இழுக்க அவரே வந்து ஒரு முனையைப் பிடித்தார். அப்பா உட்கார்ந்திருந்த சீட்டைக் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டு நின்றார். ரெக்சின் கிழிந்து உள்ளேயிருந்து தேங்காய் நார் பிதுங்கியிருந்தது.

ஜங்ஷன் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாய் வந்தார். பழைய அம்பாசிடர் என்றால் அவருக்கு உயிர். நான் பக்கத்திலேயே இருந்தேன். எனக்கு வண்டி வேலை தெரியாது. ஆனால் உப்புத்தாள் தேய்க்க, தின்னர் தொட்டுத் துடைக்க, கழற்றிய போல்ட்டுகளைப் பெயர் எழுதி டப்பாவில் போட்டு வைக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "அக்கா, உங்கள மாதிரி ஒரு ஆளு இருந்தா பட்டறையில ஒரு நட்டு காணாமப் போவாது" என்றார்.

அந்த வண்டியைப் பற்றிச் சின்ன மாமா இன்றுவரை சொல்லும் பெருமை உங்களுக்குத் தெரியும். பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் வைத்திருந்த வண்டி. ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் தவிர வேறெங்கும் ஓடாதது. பாய் கூரையைத் தேய்த்தபோது சந்தனக் கலருக்கு அடியிலிருந்து மஞ்சள் வந்தது. கதவைத் தேய்த்தால் கறுப்பு. முன்பக்கம் வரிசையாக ஸ்க்ரூ ஓட்டைகள், பட்டிப் பசை வைத்து அடைத்தவை. பாய் ஒரு குச்சியை விட்டுக் குத்திப் பார்த்தார்.

"இது மீட்டர் மாட்டுன எடம்க்கா. டாக்சி ஓடுன வண்டி."

"டாக்டர் வண்டின்னாங்களே பாய்."

"டாக்டரு மீட்டர் போட்டா வைத்தியம் பாத்தாரு?"

சிரித்தோம். அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. இன்ஜினை இறக்கியபின், இடது முன்சக்கரத்தைத் தாங்குகிற இரும்பை பாய் சுரண்டினார். பட்டி கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. அடியில் ஒரு பழைய வெல்டிங், பூரான் ஊர்ந்தது போல. அதன் ஓரமாகத் தகடு கிழிந்து வாயைப் பிளந்திருந்தது.

"ஆக்சிடெண்டுல கிழிஞ்சிருக்குது" என்றார் பாய்.

நான் டார்ச்சை வாங்கிக்கொண்டு குனிந்தேன். உங்களோடு உட்கார்ந்து விரிசல் பார்த்த கண்ணல்லவா இது! கிழிசலின் ஒரு பாதி வெறும் இரும்பு, துரு ஏறியிருந்தது. அது மாமா போன அன்று கிழிந்தது. மறுபாதியில், கிழிசலுக்கு உள்ளே, இரண்டு உதட்டிலும், சந்தனக் கலர் பெயிண்ட் வழிந்து இறங்கி உறைந்திருந்தது.

முழுசாக இருந்த தகடு அன்றைக்குத்தான் கிழிந்ததென்றால் உள்ளே பெயிண்ட் எப்படி வரும்? பெயிண்ட் அடித்தபோதே அங்கே பிளவு இருந்தது. பெயிண்ட் அடித்தபின்தான் வண்டி நம் வீட்டுக்கு வந்தது.

வேகறதுக்கு முன்னாடியே போனது, அத்தை. நீங்கள் ஆழாக்கை எடுப்பதற்கு முன்னாடியே. உலை வைப்பதற்கு முன்னாடியே.

பாய் விரலால் தடவிப் பார்த்தார். "ஆமாக்கா. இத மறைக்கத்தான் பெயிண்டே அடிச்சிருக்கான். யாரு ஓட்டியிருந்தாலும் இது ஒருநாள் போயிருக்கும்."

"யாரு கேட்டிருந்தாலும், கேக்காம இருந்திருந்தாலும்" என்றேன். பாய்க்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

சின்ன மாமாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தார். கூரையின் மஞ்சளைப் பார்த்தார். நான் டார்ச் அடித்த இடத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் கண்ணை நிமிர்த்தவில்லை.

"இது உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"பழச ஏம்மா கிளர்ற?"

"தெரியுமா, தெரியாதா?"

"அந்தக் காலத்துல பழைய வண்டின்னா அடிபடாம எங்க இருக்கும்? சின்ன அடிதான், சரி பண்ணியாச்சுன்னு புரோக்கர் சொன்னான். அண்ணன்கிட்ட சொன்னா வாங்க மாட்டான்."

"அப்ப அத்தைய ஏன் சொன்னீங்க?"

 கைத்தடியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார்.

"எங்கம்மா தலையில அடிச்சுக்கிட்டு, யாரால யாராலன்னு கேட்டா. யாரையாவது சொல்ல வேண்டியிருந்துச்சு. அண்ணி அங்க நின்னாங்க, கையில ஆழாக்கோட."

"அதுக்கப்புறம்? நேத்து வரைக்கும்?"

"சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான்னு ஆயிடுச்சும்மா."

"வயசானவரு, வுட்டுடு" என்று உங்கள் மகன் இரவு சாப்பிடும்போது சொன்னார். நான் சொன்னதைக் கேட்டு முடித்த பிறகு ஒரு வாய் வைக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவரும் அவர்தான். நான் விடவில்லை. சின்ன மாமாவை மன்னித்தேன் என்று எங்கும் சொல்லவும் இல்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள், நீங்கள் இல்லை. நான் செய்யக்கூடியது ஒன்றுதான். உங்கள் பேரில் எழுதி வைத்திருந்தது பொய்க்கணக்கு. அதை நான் அடித்துவிட்டேன். காய்காரம்மாவிடம் சொன்னேன், எதிர்வீட்டில் சொன்னேன், வெள்ளிக்கிழமை கோயிலில் கோலம் போடும்போது கூட இருந்தவர்களிடம் சொன்னேன். பழி எந்தெந்த வாய் வழியாகப் போனதோ அந்தந்த வாய்க்கெல்லாம் பதில் போய்ச் சேர வேண்டும்.

"சாமி கும்பிடறவ, சகுனத்தப் பத்தி இப்படிப் பேசலாமா" என்று ஒருத்தி கேட்டாள். நான் ராகுகாலம் பார்க்கிறவள்தான், இனியும் பார்ப்பேன். ஆனால் சோற்றுக்கு ஆள் எத்தனை என்று கேட்டதற்காக ஒரு தாலியை அறுக்கிற சாமியை நான் கும்பிடவில்லை. நான் கும்பிடுகிற சாமி பிராது வாங்குகிற சாமி. இரண்டு பக்கமும் விசாரிக்கிற சாமி.

வண்டிக்குச் சந்தனக் கலர் வேண்டாம் என்று பாயிடம் சொல்லிவிட்டேன். கறுப்பு அடித்து, கூரைக்கு மஞ்சள். டாக்சியாக இருந்தது டாக்சியாகவே தெரியட்டும். உள்ளே புது இரும்பு வைத்து வெல்டிங் செய்தார். கிழிந்த பழைய இரும்பை வெட்டி என்னிடம் கொடுத்தார். அதைச் சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். இத்தனை வருஷம் நீங்கள் அந்த ஜன்னல் வழியாக எதைப் பார்த்தீர்களோ, அதன் பதில் இப்போது அந்த ஜன்னலில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டி கிளம்பியது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கற்பூரம், பூசணிக்காய், எல்லாம் முறையாகச் செய்தேன். உங்கள் மகன் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில். சின்ன மாமா வராந்தா நாற்காலியில் பேப்பரை விரித்து வைத்திருந்தார். மருமகள் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால்.

"வெளியில வாம்மா" என்று கூப்பிட்டேன். வந்தாள். "கேளு."

அவள் சின்ன மாமாவைப் பார்த்தாள், அவளுக்கு அவர் தாத்தா. தாத்தா பேப்பரைப் பார்த்தார். 

"நான்தான் கேக்கச் சொல்றேன். தெருவுக்குக் கேக்கற மாதிரி கேளு."

"எங்க போறீங்க அத்தை?" என்றாள். முதலில் வாசப்படியைத் தாண்டாத குரலில் வந்தது. பிறகு அவளுக்கே உரிய குரல் வந்துவிட்டது. "சாப்பாட்டுக்கு வந்துடுவீங்களா?"

"வேப்பூர் வரைக்கும். வந்துடுவோம். எங்களுக்கும் சேத்து வடி" என்றேன்.

கொளஞ்சியப்பர் கோயில் வாசலில் நிறுத்திக் கும்பிட்டோம். பிராது எதுவும் கட்டவில்லை. அதற்கப்பால் ரோடு நேராகப் போகிறது. அந்த இடம் எது என்று உங்கள் மகனுக்குத் தெரியும். கால் பிரேக்குக்குப் போவதைப் பார்த்தேன். "ஸ்லோ பண்ணாதீங்க" என்றேன். பண்ணவில்லை. கடந்துபோனோம். அவ்வளவுதான் அந்த இடம், அத்தை. ஒரு புளியமரம், ஒரு வளைவு, ஓரமாக இரண்டு ஆடு.

வேப்பூரில் ஹைவே ஓட்டலில் டீ குடித்தோம். லாரி டிரைவர்கள் வண்டியைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். திரும்பும் வழியில்தான் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. இவர் முகம் வெளுத்தது. "பயப்படாதீங்க, சூடு ஆறுனா தண்ணி ஊத்தலாம்னு பாய் சொல்லியிருக்காரு" என்றேன். இவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். என் போனில் சார்ஜ் இல்லை. வயல்காட்டு மோட்டாரில் தண்ணீர் பிடித்து ஊற்றி வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

தெருமுனை திரும்பும்போதே பார்த்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு சின்ன மாமா நின்றிருந்தார். சட்டை போடவில்லை. கைத்தடியும் இல்லை. வண்டி நிற்பதற்குள் கத்தினார்.

"எங்கம்மா போனீங்க இவ்ளோ நேரம்?"

பின்னாலிருந்து மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள். "தாத்தா! எங்கன்னு கேக்கக் கூடாது தாத்தா!"

அவர் எங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வந்தவங்கள கேக்கலாம்" என்று முணுமுணுத்தார்.

"போறவங்களையும் கேக்கலாம் மாமா" என்றேன்.

அவர் வண்டிக்குக் கிட்டே வந்தார். கூரையில் கையை வைத்து, அந்த மஞ்சளைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

இப்போது தினமும் காலையில் நானும் மருமகளும் வாசலில் நிற்கிறோம். பையன் பைக்கை எடுக்கும்போதும், உங்கள் மகன் செருப்பு மாட்டும்போதும், எதிர்வீட்டு ஜன்னலுக்குக் கேட்கும்படி கேட்கிறோம். எங்க போறீங்க? சாப்பாட்டுக்கு வந்துடுவீங்களா? நேற்று சின்ன மாமா முடிவெட்டக் கிளம்பினார். அவரையும் கேட்டேன். படியில் ஒரு நிமிஷம் நின்றார். "சலூனுக்கு" என்றார். "வந்துடுவேன்" என்றும் சொன்னார்.

அரிசிக் கணக்கு இப்போது நேராக வருகிறது, அத்தை. கேட்டுவிட்டுத்தான் உலையில் போடுகிறோம். மிஞ்சுவதில்லை. வருகிறேன் என்று சொன்னவர்கள் எல்லோரும் வந்துவிடுகிறார்கள்.